வேலை முடிஞ்சிருச்சுன்னு உடம்புக்கு யாரு சொல்றது?

கேள்வி: எந்நேரமும் உடம்பு முறுக்கிக்கிட்டே இருக்கு, லீவு நாள்லகூட ஓய முடியல. தியானமெல்லாம் எனக்கு வராது. தினமும் சின்னச் சின்னதா என்ன செஞ்சா இந்த நரம்பெல்லாம் அடங்கும்?

எனக்கு இதை மொதல்ல கண்டுபிடிச்சது பல் டாக்டருங்க. கடவாய்ப் பல்லு ஒண்ணு விரிசல் விட்டுருச்சுன்னு போனேன், பாத்துட்டு "தூக்கத்துல பல்லைக் கடிக்கிறீங்களா"ன்னு கேட்டாரு, எனக்கெப்படித் தெரியும், தூங்குறேன்ல. வீட்டுக்காரர்கிட்ட கேட்டா "ரெண்டு வருஷமா கடிக்கிற, அம்மியில அரைக்கிற மாதிரி சத்தம், சொன்னா கோச்சுக்குவேன்னு விட்டுட்டேன்"ங்கிறாரு. நல்ல மனுஷன் லா.

நான் இருக்குறது மலேசியாவுல, கெடா மாநிலத்துப் பாடாங் செராய். அம்மா காலத்துல பால் மரம், அதான் ரப்பர், இப்ப சுத்தி செம்பனை, நாங்க தோட்டத்தை விட்டு தாமான் குடியிருப்பு வீட்டுக்கு வந்து ரொம்ப வருஷம் ஆச்சு. குலிம் பக்கம் ஒரு பெக்டரியில வேலை, 12 மணி நேர ஷிப்ட், பகல் கொஞ்ச நாள் ராத்திரி கொஞ்ச நாள்னு மாறிக்கிட்டே இருக்கும். பெக்டரி பஸ்ஸுல உக்காந்திருக்கும்போது தோள் ரெண்டும் காதுகிட்ட ஏறி நிக்கும், அதுவே எனக்குத் தெரியாது, பக்கத்து சீட்டு அக்காதான் ஒரு நாள் கையை வச்சு அமுக்கி விட்டாங்க.

எதையும் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை கிளினிக் கெசிஹாத்தான், அதான் கவர்மெண்டு கிளினிக், போயிட்டு வாங்க, 1 ரிங்கிட்தான். தைராய்டு கூடினாலும் இதே படபடப்பு, இதே தூக்கமின்மை வரும், ரத்தசோகையிலயும் நெஞ்சு அடிச்சுக்கும், அதை டென்ஷன்னு நினைச்சு மூச்சுப் பயிற்சி செஞ்சுக்கிட்டு இருந்தா வேலைக்காகாது. எனக்கு ரத்தமெல்லாம் சரியா இருந்துச்சு. அப்புறம் டாஸ் 21னு ஒரு பாரம் குடுத்தாங்க, மனச்சோர்வு, பதற்றம், அழுத்தம் மூணுக்கும் ஏழேழு கேள்வி, மொதல் கேள்வியே வேலை டென்ஷன் எறங்கி ஓய்வா இருக்க முடியுதாங்கிற மாதிரிதான். அங்கயே எனக்குக் கண்ணு கலங்கிருச்சு, மீதி இருபதும் அப்புறம்.

அங்க இருந்த மிசி, அதான் நர்ஸ், ஒருத்தவங்க சொன்னதுதான் இன்னிக்கு வரைக்கும் கூட வருது. "சுடு தே ஓவை (பால் ஊத்தாத டீ) ஊதி ஆத்துவீங்கல்ல, அந்த மாதிரி மூச்சை விடுங்க, இழுக்குறதை விட விடுறது நீளமா இருக்கட்டும்." அவ்வளவுதான். இதுல மாய மந்திரம் எதுவும் இல்ல, நீங்களே பாக்கலாம், மணிக்கட்டுல நாடியைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா மூச்சு விடுங்க, இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் வேகமாகும், விடும்போது தளரும். மூளையில இருந்து நேரா வர்ற 12 ஜோடி நரம்புல பத்தாவது வேகஸ் நரம்பு, கழுத்து வழியா எறங்கி இதயம், குடல் வரைக்கும் போகுது, மூச்சு வெளிய போகும்போது அது இதயத்துக்கு லேசா பிரேக் போடுது. சாதாரணமா நிமிஷத்துக்கு 12ல இருந்து 20 மூச்சு விடுறோம், அதை ஆறுக்குப் பக்கத்துல கொண்டு வந்தா பிரேக் நல்லா பிடிக்கும். டிக்டாக்ல "30 செகண்டுல வேகஸ் நரம்பை ரீசெட் பண்ணுங்க"ன்னு ஒருத்தன் காதைப் பிடிச்சுத் திருகுறான், நரம்பு என்ன ரவுட்டரா, அணைச்சுப் போடுறதுக்கு.

ஆனா எனக்கு மூச்சை விட முக்கியமாப் பட்டது வேற. அம்மா ரப்பர் மரத்துல பால் வெட்டுன ஆளு. விடிகாலை நாலரைக்கு எந்திரிச்சு, பெரட்டுக்கு, அதான் ஆள் கணக்கெடுக்குற எடத்துக்குப் போயி, நெத்தியில லைட்டைக் கட்டிக்கிட்டு மரத்தைக் கீறிப் பால் எடுத்து, மத்தியானம் பாலைக் கொண்டுபோயி ஸ்டோர்ல நிறுத்துக் குடுத்துட்டு வந்தா அந்த நாள் வேலை முடிஞ்சுது. வீட்டு வாசல்ல தொட்டித் தண்ணியில காலைக் கழுவிட்டுத்தான் உள்ள வரும். அந்தக் காலத்து ஆளுங்களுக்கு டென்ஷனே இல்லைன்னு நான் ஒரு நாள் வாயை விட்டேன், "யாரு சொன்னா, மழை பேஞ்சா வெட்டு கெடையாது, வெட்டு இல்லைன்னா சம்பளம் கெடையாது, எங்களுக்கு வாயே இல்லை, அதான் உனக்குத் தெரியல"ன்னு திட்டுச்சு. நியாயம்தான். ஆனா அதுக்கு நாள் முடியுற எடம்னு ஒண்ணு இருந்துச்சு, எனக்கு அது கெடையாது, பஸ்ஸை விட்டு எறங்குனப்புறமும் சூப்பர்வைசரோட வாட்சப் குரூப்பு கூடவே வீட்டுக்குள்ள வருது, நாளைக்கு யாரு ஓட்டி (ஓவர்டைம்), எந்த மெஷின் நின்னுச்சு, யாரு எம்சி (மெடிக்கல் லீவு)ன்னு. ஒரு தடவை கோயில்ல பக்கத்துல நின்னவங்க போன் அதே "டிங்"னு அடிச்சுது, எனக்குக் கையில இருந்த தேங்காத்தட்டு ஆடிப்போச்சு. சாமி முன்னாடி நின்னுக்கிட்டு மெஷினை நினைக்கிறேன்.

அன்னிக்கு ராத்திரியே குரூப் சத்தத்தை நிறுத்துனேன். அவசரம்னா போன் பண்ணுங்கன்னு சொல்லிட்டேன், இதுவரைக்கும் ரெண்டு தடவைதான் பண்ணியிருக்காங்க.

அப்புறம் அம்மா செஞ்சதையே பிடிச்சுக்கிட்டேன். வாசல் குழாயில கால் கழுவுறது, முகத்துல பச்சத்தண்ணி நாலு தடவை அடிக்கிறது, முகத்துல குளிர்ந்த தண்ணி பட்டா இதயத்துடிப்பு கொஞ்சம் எறங்கும், தண்ணிக்குள்ள முங்குனா உடம்பு காத்தை மிச்சம் பிடிக்கிறதுக்குச் செய்யுற வேலை அது. கால் கழுவுறதுக்கு அந்த மாதிரி விளக்கம் ஒண்ணும் என்கிட்ட இல்ல, தினமும் அதே எடத்துல அதே மாதிரி செஞ்சா உடம்பு பழகிக்குது, அவ்வளவுதான். பெறகு பின்வாசல் படியில உக்காந்து ஒரு கிளாஸ் தே ஓ, போன் உள்ள கெடக்கும், ஊதி ஊதிக் குடிச்சு முடிக்க பத்து நிமிஷம் ஆகும், மூச்சுப் பயிற்சி அதுலயே முடிஞ்சுது. தனியா நேரம் ஒதுக்கிச் செய்யுறேன்னு கிளம்புன எதுவும் என்கிட்ட நாலு நாள் தாண்டல, யோகா பாய் வாங்கி வச்சேன், இப்ப பூனை படுக்குது.

கோப்பியைப் பத்தியும் சொல்லணும். ராத்திரி ஷிப்டுல மூணு மணிக்கு கட்டியா பால் இல்லாத கோப்பி ஓ குடிச்சுட்டு காலையில எட்டு மணிக்குத் தூக்கம் வரலைன்னு அழுவேன். கோப்பியில இருக்குற காபின் பாதி கரையவே சுமாரா அஞ்சு மணி நேரம் ஆகும், சிலருக்கு அதுக்கு மேலயும். இப்ப ஷிப்டு தொடங்குறப்ப ஒண்ணு, அதோட சரி. பகல் ஷிப்டு வாரத்துலயும் லீவு நாள்லயும் விடிஞ்சதும் போனைப் பாக்காம பத்து நிமிஷம் வெளிய நிக்கிறேன், கறிவேப்பிலைக்குத் தண்ணி ஊத்துறது, கோழிக்குத் தீனி போடுறதுன்னு, காலை வெளிச்சம் கண்ணுல பட்டாதான் உடம்புக்குள்ள இருக்குற கடிகாரம் நேரம் பிடிக்கும்.

மொத ரெண்டு வாரம் ஒரு மண்ணும் தெரியல, சொல்லிடுறேன். ஒரு மாசம் போல ஆனப்பதான் பஸ்ஸுல தூங்க ஆரம்பிச்சேன். ராத்திரி ஷிப்டு வந்தா இப்பவும் எல்லாம் கலைஞ்சுதான் போகுது, அந்த வாரம் கால் கழுவுறதையும் தே ஓவையும் மட்டும் விடமாட்டேன், மத்ததெல்லாம் போகட்டும்னு விட்டுருவேன். பல்லுக்கு ஒரு கவசம் செஞ்சு குடுத்திருக்காங்க, அதையும் போட்டுக்கிட்டுதான் படுக்குறேன். அம்மி சத்தம் வருதான்னு வீட்டுக்காரரைக் கேட்டேன், "கொறைஞ்சிருக்கு, இப்ப கொறட்டைதான்"ங்கிறாரு.