உறுமிப் பாட்டு ஸ்பாட்டிஃபையில் சோர்ந்துபோனது ஏன்?

லிமிட்டரை (ஒலியின் உச்சங்களை அடக்கிச் சத்தத்தைக் கூட்டும் கருவி) -7 லஃப்ஸ் (சத்த அளவின் அலகு; பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சத்தம் அதிகம்) வரை தள்ளியும் ஸ்பாட்டிஃபையில் உங்கள் உறுமிப் பாட்டு சோர்ந்து கேட்கிறது என்கிறீர்கள். தள்ளியதுதான் வினை. அங்கே வழக்கமாக -14 லஃப்ஸுக்கு ஒலியைக் குறைத்துவிடுவார்கள். நசுங்கிய உறுமியடி மட்டும் திரும்பி வராது.

லாஜிக் (ஆப்பிளின் இசை மென்பொருள்) தரும் அடாப்டிவ் லிமிட்டரில் கெயினை (ஒலியைத் தள்ளும் அளவை), அடி மறுபடி துள்ளும்வரை இறக்குங்கள். லவுட்னெஸ் மீட்டரில் -10, -11 வந்தால் எனக்குத் திருப்திதான், -14ஐத் துரத்த வேண்டாம். ஆனால் -14ஐவிடச் சத்தமான பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை கேட்பது -2 டிபி ட்ரூ பீக் (ஒலியின் உண்மையான உச்ச அளவு); அதை மீறாதீர்கள்.

அப்புறம், சிங்கப்பூர் வீவக அடுக்குமாடி வீட்டில் ராத்திரி ஹெட்போனில்தான் வேலை என்றால் (என் கதையும் அதுவே, கீழ்வீட்டு ஆன்ட்டி ஒருமுறை கதவைத் தட்டிவிட்டார்) 60 ஹெர்ட்ஸ் பக்கம், அதாவது அடிபேஸில், காதை முழுதாக நம்பாதீர்கள். வெளிவந்த ஒரு உறுமிப் பாட்டை உங்கள் பாட்டின் சத்தத்துக்கே இறக்கி, லாஜிக்கின் சேனல் இக்யூ அனலைசரில் (எந்த அலைவரிசையில் எவ்வளவு ஒலி என்று காட்டும் வரைபடம்) ஒப்பிட்டுப் பாருங்கள்.