பழைய ஸ்டீம் இன்ஜினை ஓட வைக்க ஏன் இத்தனை வருஷம் ஆகுது? வசூல் பண்ற காசெல்லாம் எங்க போகுது?

தம்பி, கேள்வியிலயே பாதி குத்தச்சாட்டு இருக்கு. காசு எங்க போகுதுன்னா எவனோ சாப்ட்டுட்டான்னுதான அர்த்தம்? நீங்க எங்கயோ நன்கொடை குடுத்துட்டு வருஷக்கணக்கா வாட்ஸப்ல போட்டோ மட்டும் வாங்கிட்டு இருக்கீங்க போல. கடுப்பு நியாயம்தான். ஆனா நான் ரசீது புக்கை வச்சுக்கிட்டு அந்தப் பக்கம் உக்காந்திருக்கிற ஆளு, அதனால கொஞ்சம் நீளமாத்தான் சொல்லுவேன்.

எனக்கு கடலூர் முதுநகர்ல லேத் பட்டறை. என் மாமனார் விழுப்புரம் லோகோ ஷெட்ல பாய்லர் வேலை பாத்தவரு. பாண்டிச்சேரி பக்கம் மூடிக் கிடந்த ஒரு ஆலையில சரக்கு இழுத்த குட்டி ஸ்டீம் இன்ஜின் ஒண்ணு காயலாங்கடைக்குப் போகப் போகுதுன்னு தெரிஞ்சு, நாங்க கொஞ்ச பேரு சேந்து இரும்பு விலைக்கே எடை போட்டு வாங்கினோம். எல்லாரும் கை குடுத்தாங்க. மாமனார் மட்டும் "வாங்குற காசுதாம்பா இதுல சின்ன காசு"ன்னாரு.

மேல சுத்தியிருக்கிற தகரத்தைக் கழட்டுற வரைக்கும் பாய்லர் என்ன நெலமைன்னு யாராலயும் சொல்ல முடியாது. மாமனார் சின்ன சுத்தியலோட, நெருப்பு எரியற ஃபயர் பாக்ஸுக்குள்ள ஊந்து போயி, அதோட தகட்டையும் பாய்லர் வெளித் தகட்டையும் சேத்துப் புடிச்சிருக்கிற ஸ்டே போல்ட்டை ஒண்ணொண்ணா தட்டுனாரு. நல்லா இருக்கறது ணங்குன்னு கேக்கும், உள்ள ஒடைஞ்சிருந்தா தொம்முன்னு செத்த சத்தம். தொம்முன்னு கேக்குற எடத்துல எல்லாம் சாக்பீஸ்ல வட்டம் போட்டுக்கிட்டே வந்தாரு, முடிக்கும்போது ஒரு பக்கம் பூரா வட்டம்தான். அப்புறம் பாய்லருக்குள்ள சூடான புகை போற டியூப்பையெல்லாம் உருவுனா, அதைத் தாங்குற பிளேட்ல ஓட்டை ஓரமெல்லாம் தேஞ்சு மெலிசா கெடக்கு. எஸ்டிமேட் அங்கயே ரெட்டிப்பாச்சு. "இது முன்னாடியே தெரியாதா சார்"னு கேட்டவங்க நெறைய பேரு. தெரியாதுங்க, பிரிச்சாதான் தெரியும்.

இதுல கேட்டு கிரில் அடிக்கிற வெல்டர் கை வைக்கக் கூடாது, அதுக்குன்னு டெஸ்ட் பாஸ் பண்ண ஆள் வேணும். வேலை முடிஞ்சதும் ஓட்டற பிரஷரை விடக் கூடுதலா ஏத்தி தண்ணி டெஸ்ட். அதுல ஒரு சொட்டு கசிஞ்சாலும் திரும்ப மொதல்லேர்ந்து. இதுல அவசரப்பட்டா வெடிக்கும், அவ்ளோதான்.

சரி, காசுக்கு வரேன். கெடைச்ச காசுக்குப் பாதி டியூப் மட்டும் வாங்கி ஷெட்ல அடுக்கி வச்சோம். 2011 டிசம்பர் 30, தானே புயல். ஷெட் கூரை பறந்துச்சு. காசு தரேன்னு சொன்னவங்கள்ல பாதிப் பேருக்கு முந்திரித் தோப்பே போச்சு, அவங்ககிட்ட போயி இன்ஜினுக்குக் குடுங்கன்னு எந்த மூஞ்சியோட கேக்கறது? திரும்ப வசூல் ஆரம்பிக்கறதுக்குள்ள உப்புக்காத்து டியூப்பையெல்லாம் தின்னுடுச்சு. அடுத்து வந்த காசு செஞ்ச வேலையத் திரும்பச் செய்யவே போச்சு. நீங்க கேட்ட "எங்க போகுது"க்கு நேரடி பதில் இதுதான்.

இன்னொண்ணு, பெயிண்ட் வாங்கித் தரேன், பித்தளை நேம் போர்டு பண்ணித் தரேன்னு வர ஆளு நெறைய, ஸ்டே போல்ட்டுக்குக் குடுக்க ஒருத்தன் வர மாட்டான். கம்பெனிக்காரங்க சமூகப் பணிக்குன்னு ஒதுக்கற சிஎஸ்ஆர் காசுக்குப் போனா, வருமான வரிப் பதிவு 12ஏ இருக்கா, நன்கொடைக்கு வரிச்சலுகை தர 80ஜி இருக்கா, மூணு வருஷம் வேலை செஞ்ச ரெக்கார்டு இருக்கான்னு ஆரம்பிச்சு, கடைசில மார்ச் 31க்குள்ள முடிச்சு ரிப்பன் வெட்டணும்ங்கறாங்க. பாய்லருக்கு மார்ச் தெரியுமா?

உடனே "பெரம்பூர்ல 1855-ம் வருஷ இன்ஜினை ஓட்டிக் காட்டலையா"ன்னு கமெண்ட் வரும். காட்டுனாங்க, இஐஆர் 21ன்னு அதுக்குப் பேரு, 2010ல. அது ரயில்வேயோட சொந்த ஒர்க்‌ஷாப், சொந்த ஆளுங்க, பொன்மலையில நீலகிரி ரயிலுக்குப் புது ஸ்டீம் இன்ஜினே செஞ்சது மாதிரி. உண்டியல் குலுக்கற எங்களோட அதை ஒப்பிடாதீங்க. இங்கிலாந்துல தேசிய ரயில்வே மியூசியமே ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேன்ங்கற பழைய ஸ்டீம் இன்ஜினை 2004ல 23 லட்சம் பவுண்டுக்கு வாங்கி, 2006ல கை வச்சு, 2016லதான் ஓட்டுனாங்க. ரிப்பேருக்கு மட்டும் 42 லட்சம் பவுண்டு. அதே ஊர்ல டொர்னேடோன்னு ஒரு இன்ஜினை ரசிகருங்க புதுசாவே கட்டுனாங்க, வாரா வாரம் ஒரு பீர் காசு குடுங்கன்னு கேட்டு, 1990லேர்ந்து 2008 வரைக்கும். பாண்டிச்சேரிய பக்கத்துல வச்சுக்கிட்டு இந்த ஐடியா நமக்குத் தோணல பாருங்க.

ஸ்டீமை விடுங்க, ரயில் விஷயத்துல எங்க பக்கம் எதுதான் நேரத்துக்கு நடந்துச்சு? கடலூர்லேர்ந்து பாண்டி இருபது சொச்சம் கிலோமீட்டர், ரயில்ல போகணும்னா விழுப்புரம் போயி சுத்தணும். விழுப்புரம் பாண்டி லைன் வந்தது 1879ல. அதுக்கப்புறம் பாண்டியத் தாண்டி கடலூர் பக்கம் தண்டவாளம் வரவே இல்ல, ஈசிஆர் ரயில்னு பேச்சு மட்டும் வருது. அதைக் கேக்க ஆளில்ல, எங்க உண்டியலைக் கேக்க மட்டும் வந்துடறாங்க.

இப்ப பிளேட் வேலை முடிஞ்சுது, டியூப் பாக்கி. கணக்கு நோட்டு பட்டறையிலயேதான் இருக்கு, எந்த ஞாயித்துக்கிழமை வந்தாலும் புரட்டிப் பாக்கலாம். குடுக்கணும்னு தோணுச்சுன்னா மாசாமாசம் நூறு ரூபா குடுங்க, மொத்தமா ஒரே தடவை வேணாம். பெயிண்ட் சத்தியமா வேணாம், டின் டின்னா கெடக்கு, பாதி கட்டி தட்டிப் போச்சு.