மங்கியது லென்ஸ், மாற்றிய கருவிழி அல்ல

கேள்வி: எனக்கு வயது 63. கண்புரை ஆபரேஷன் செய்து லென்ஸ் வைத்த பிறகு கருவிழி வீங்கியதால், போன வருடம் டிமெக் முறையில் (கருவிழியின் உட்பக்க மெல்லிய படலத்தை மட்டும் மாற்றுவது) கருவிழி மாற்று செய்தார்கள். சரியாக ஒட்டவில்லை என்று மறுபடியும் காற்று செலுத்தினார்கள். பார்வை நன்றாக வந்தது. நான்கு மாதமாகப் புகை மூட்டமாகத் தெரிகிறது. கருவிழி தெளிவாக இருக்கிறது, லென்ஸில்தான் கால்சியம் படிந்திருக்கிறது என்கிறார் டாக்டர். உடல் கருவிழியை நிராகரித்துவிடும் என்று இணையத்தில் படித்துப் பயந்துவிட்டேன். கால்சியம் மாத்திரையை நிறுத்திவிட்டேன். ஸ்டீராய்டு கெடுதல் என்று வீடியோவில் சொன்னதால் சொட்டு மருந்தும் பத்து நாளாகப் போடவில்லை. யாரோ கொடுத்த கண் வீணாகிவிட்டதா? லேசர் செய்தால் சரியாகுமா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: வீணாகவில்லை அம்மா. ஆனால் உடல் கருவிழியை நிராகரிக்காமல் தடுக்கும் சொட்டு மருந்தை நிறுத்தினீர்களே, வீணாவதற்கு அது ஒன்று போதும். லென்ஸைவிட எனக்கு அதுதான் கவலை. இன்றைக்கே உங்கள் டாக்டருக்குப் போன் செய்து எப்படித் தொடர்வது என்று கேளுங்கள். ஸ்டீராய்டு சிலருக்குக் கண் அழுத்தத்தை ஏற்றும், உண்மைதான். அதற்காகத்தான் ஒவ்வொரு முறையும் அழுத்தம் பார்க்கிறோம். ஏறினால் மருந்தை மாற்றுகிறோம். அதை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் கண்ணைப் பார்த்தவர், வீடியோவில் பேசுகிறவர் அல்ல.

நிராகரிப்பு வந்தால் கண் சிவக்கும், வலிக்கும், வெளிச்சம் பார்த்தால் கூசும், பார்வை குறையும். நான்கும் சேர்ந்து வர வேண்டியதில்லை. டிமெக் செய்தவர்களுக்குச் சிவக்காமலே கூட வரும். இன்னொன்றையும் கவனியுங்கள். காலையில் எழுந்ததும் மங்கலாக இருந்து பத்து, பதினொரு மணிக்குத் தெளிந்தால், கருவிழியில் நீர் கோக்கிறது என்று அர்த்தம். லென்ஸ் மங்கலுக்குக் காலை, மாலை வித்தியாசம் கிடையாது. இதில் எது வந்தாலும் அன்றைக்கே போய்க் காட்டுங்கள். ஆரம்பத்திலேயே பிடித்தால் அடிக்கடி சொட்டு மருந்து போட்டே பெரும்பாலும் அடக்கிவிடலாம். நாட்கள் கடந்தால், நீர் கோக்காமல் கருவிழியைத் தெளிவாக வைத்திருக்கும் செல்கள் செத்துவிடும். செத்த செல்கள் திரும்பி வராது.

சரி, லென்ஸுக்கு வருவோம். டிமெக்கில் தையல் கிடையாது. வைக்கிற படலத்தின் கனம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான். காற்றோ வாயுவோ செலுத்தி, அந்தக் குமிழியால்தான் அதை மேலே ஒட்ட வைக்கிறோம். அதே குமிழி லென்ஸின் முன்பக்கத்திலும் படும். நீரை உறிஞ்சும் ஹைட்ரோஃபிலிக் அக்ரிலிக் லென்ஸாக இருந்தால், பிற்பாடு சிலருக்கு, கண் பாவைக்கு நேரே இருக்கும் அந்த வட்டத்தில் மட்டும் கால்சியம் பாஸ்பேட் பொடிப்பொடியாகப் படியும். மறுபடி காற்று செலுத்தியவர்களுக்கு வாய்ப்பு இன்னும் கூடுதல். அந்தக் கால்சியம் கண்ணுக்குள் ஊறும் நீரிலிருந்து வருவது. மாத்திரைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எலும்புக்கு எழுதிக்கொடுத்ததை எப்போதும்போலச் சாப்பிடுங்கள்.

லேசர் வேண்டவே வேண்டாம். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு லென்ஸுக்குப் பின்னால் உள்ள சவ்வு மங்கினால் யாக் லேசர் நன்றாகக் கேட்கும். லேசரில் சரியானது என்று யாராவது சொல்லியிருந்தால் அது அதுவாக இருக்கும். உங்களுக்கு மங்கியிருப்பது லென்ஸே. லேசர் அந்தப் படிவை எடுக்காது. சவ்வில் ஓட்டை விழுந்தால் பிறகு லென்ஸை மாற்றுவதுதான் சிக்கலாகும். படிந்த கால்சியத்தைக் கரைக்கும் சொட்டு மருந்தும் கிடையாது, யார் விற்றாலும் வாங்காதீர்கள்.

வழி ஒன்றுதான்: லென்ஸை எடுத்துவிட்டு வேறு வகை லென்ஸ் வைப்பது. அதற்கு அவசரம் இல்லை. படிப்பதும் படியிறங்குவதும் கஷ்டமான பிறகு செய்தால் போதும். ஏனென்றால் உள்ளே கை வைக்கும் ஒவ்வொரு முறையும் மாற்றுக் கருவிழி கொஞ்சம் செல்களை இழக்கும். அதனால் கருவிழி ஆபரேஷனில் அனுபவம் உள்ளவரிடமே செய்துகொள்ளுங்கள். முன்னதாகச் செல் எண்ணிக்கை பார்க்கச் சொல்லுங்கள். கண்புரை ஆபரேஷனின்போது லென்ஸ் விவரம் ஒட்டிய சின்ன அட்டை ஒன்று கொடுத்திருப்பார்கள். பீரோவில் தேடி எடுத்துக்கொண்டு போங்கள்.