எலியில் நடந்த சோதனை நமக்குப் பொருந்துமா?

கேள்வி: லிம் சூ காங்கில் சாய்சிம், காய்லான், கீரை பயிரிடுகிறோம். பூச்சிமருந்தின் பாதுகாப்பு அளவை எலிச் சோதனையை வைத்தே முடிவு செய்கிறார்கள் என்கிறார்களே, அது மனிதருக்கு எப்படிப் பொருந்தும்? மேலும், மருந்து இலையில் சில நாளில் சிதைந்துவிடும் என்றால், புட்டியில் அச்சிட்ட நாள் வரை அறுவடைக்குக் காத்திருக்கத்தான் வேண்டுமா?

பதில்: காத்திருக்கத்தான் வேண்டும், ஐயா. ஏன் என்பதற்கு உங்கள் முதல் கேள்வியிலிருந்தே வருகிறேன்.

எலி பிழைத்ததா, செத்ததா என்று பார்ப்பதோடு சோதனை முடிவதில்லை. மருந்தின் மூலக்கூற்றில் கதிரியக்கக் கார்பன்-14ஐ அடையாளமாகப் பொருத்திக் கொடுத்து, குடல் அதில் எவ்வளவை உறிஞ்சியது, ஈரலிலும் கொழுப்பிலும் எவ்வளவு தங்கியது, எந்தெந்தப் பொருள்களாக மாறியது, சிறுநீரிலும் மலத்திலும் எவ்வளவு விரைவில் வெளியேறியது என்று கணக்கெடுக்கிறார்கள். ஊட்டியதில் பாதிதான் உடலில் ஏறியது என்றால், கண்ட பாதிப்பு அந்தப் பாதியால் வந்ததே; தோல்வழி நுழையும் மருந்தை எடைபோட இக்கணக்கு இல்லாமல் முடியாது. எலி, மனிதர் இருவரின் ஈரல் உயிரணுக்களையும் ஆய்வகத்தில் ஒப்பிட்டு, மனிதரிடம் மட்டும் தோன்றும் சிதைபொருள் உண்டா என்றும் பார்ப்பதுண்டு.

இவ்வளவுக்கும் பிறகு, விலங்கில் தீங்கு காணப்படாத அளவை வழக்கமாக 100ஆல் வகுத்தே மனிதர் அன்றாடம் உட்கொள்ளத்தக்க அளவை வரையறுக்கிறார்கள்: விலங்குக்கும் மனிதருக்கும் உள்ள வேறுபாட்டுக்கு 10, மனிதருக்குள்ளேயே உள்ள வேறுபாட்டுக்கு 10. முதல் 10ஐ 4 × 2.5 என்று பிரிக்கும் முறையும் உண்டு. அந்த 4, உடல் மருந்தை உறிஞ்சி, மாற்றி, வெளியேற்றும் விதத்துக்கானது; 2.5, உள்ளே சென்ற மருந்தால் உடல் பாதிக்கப்படும் விதத்துக்கானது. தக்க ஆய்வு கிடைத்தால் அந்த 4க்குப் பதிலாக அளந்தறிந்த எண்ணையே வைக்கலாம்.

உங்கள் இரண்டாம் கேள்விதான் எனக்குக் கவலை தருகிறது. சிதைந்த மருந்தெல்லாம் செத்த மருந்தல்ல. அசிபேட் என்னும் பூச்சிமருந்து தெளித்த செடியில் அதன் ஒரு பகுதி, அதைவிட நச்சு மிகுந்த மெத்தமிடோபாஸாக மாறுகிறது. மூல மருந்தை மட்டும் அளப்பவருக்கு இலை தேறிவிட்டதாகவே தோன்றும். செடியில் நடத்தும் வளர்சிதை மாற்ற ஆய்வே எந்தச் சிதைபொருளையும் சேர்த்து அளக்க வேண்டும் என்று காட்டுகிறது. வயல் சோதனையில், இலையில் மிஞ்சும் அந்த எச்சம் குறையும் வேகத்தைப் பார்த்துத்தான் காத்திருப்பு நாளைக் குறிக்கிறார்கள். சிங்கப்பூர் உணவு அமைப்பு காய்கறி மாதிரிகளில் எச்சம் பார்ப்பதையும் நீங்கள் அறிவீர்கள்.

தெளிப்பவர் சான்றிதழ் பெற்றவராக இருந்தாலும், தண்ணீரில் கலந்தது நீர்த்ததுதானே என்று கையுறையைக் கழற்ற விடாதீர்கள். தோலில் படுவதில் உள்ளே புகும் விழுக்காடு, பல மருந்துகளில், அடர்கரைசலைவிட நீர்த்த கரைசலில்தான் அதிகம்.