அன்றாட வாழ்வில் அணுக்கரு வேதியியலால் என்ன நன்மை, என்ன அபாயம்?

ஒரு கதிரியக்க அணு சிதையும் வேகத்தை நடைமுறையில் யாராலும் மாற்ற முடியாது. சூடாக்கினாலும் அமிலத்தில் கரைத்தாலும் அதன் அரை ஆயுள், அதாவது பாதி அணுக்கள் சிதைய ஆகும் நேரம், அப்படியேதான் இருக்கும். ஆனால் அந்த அணு எங்கே போய் உட்காரும், எத்தனை நாள் தங்கும் என்பதைத் தீர்மானிப்பது அதன் வேதியியல். நன்மையும் அபாயமும் பெரும்பாலும் அங்கேதான் பிரிகின்றன. எனவே "இதில் கதிரியக்கம் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டால் பயனில்லை. எந்த வகைக் கதிர், எவ்வளவு அளவு, எந்தச் சேர்மமாக இருக்கிறது, உடலுக்குள் போனால் எந்த உறுப்பைத் தேடிப் போகும் என்று கேட்க வேண்டும். அணுமின் உற்பத்தி தனியாகப் பேச வேண்டிய பெரிய விஷயம், அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

தொடங்குவதற்கு இரண்டு அலகுகள் தெரிந்தால் போதும். பெக்கரல் என்பது நொடிக்கு ஒரு சிதைவு. சீவர்ட் என்பது உடல் வாங்கும் பாதிப்பின் அளவு, வழக்கமாக அதன் ஆயிரத்தில் ஒரு பங்கான மில்லிசீவர்ட்டில் சொல்வார்கள். இயற்கையாகவே ஒரு மனிதர் உலகச் சராசரியாக ஆண்டுக்கு ஏறத்தாழ 2 முதல் 3 மில்லிசீவர்ட் வாங்குகிறார்.

வீட்டிலிருந்தே தொடங்கலாம். அயனியாக்க வகைப் புகை எச்சரிக்கைக் கருவிக்குள் அமெரிசியம்-241 இருக்கிறது, சுமார் 0.3 மைக்ரோகிராம், ஏறத்தாழ 33 முதல் 37 கிலோபெக்கரல். அது வெளிவிடும் ஆல்ஃபா துகள்கள் இரு தகடுகளுக்கு இடையே உள்ள காற்றை அயனியாக்கி, மிகச் சிறிய மின்னோட்டத்தை ஓட வைக்கின்றன. புகைத்துகள்கள் நுழைந்தால் அயனிகள் அவற்றில் ஒட்டிக்கொள்ளும், மின்னோட்டம் குறையும், மணி அடிக்கும். ஆல்ஃபா துகள் காற்றில் சுமார் 4 சென்டிமீட்டருக்கு மேல் போகாது, தோலின் இறந்த மேலடுக்கைத் தாண்டாது. அமெரிசியம் இங்கே ஆக்ஸைடாக, தண்ணீரில் கரையாத வடிவில், தங்க உலோகத் தகட்டுக்குள் அடைபட்டிருப்பதுதான் உண்மையான பாதுகாப்பு. 10 ஆண்டுகளில் கருவியை மாற்றச் சொல்வது அமெரிசியம் தீர்ந்துவிடும் என்பதற்காக இல்லை. அதன் அரை ஆயுள் 432 ஆண்டுகள், 10 ஆண்டில் 1.6 சதவீதம்தான் குறையும். தூசி படிவதும் மின்னணுப் பாகங்கள் பழுதாவதும்தான் காரணம். செய்யக் கூடாதது ஒன்றே: உள்ளே இருக்கும் அறையைப் பிரித்து அந்தத் தகட்டைச் சுரண்டுவது. இந்த வகை கொழுந்துவிட்டு எரியும் தீயைச் சீக்கிரம் பிடிக்கும், புகைந்துகொண்டே இருக்கும் தீயில், ஒளியால் புகையைக் கண்டறியும் ஒளிமின் வகை முந்தும்.

வேதியியலின் பங்கு பளிச்சென்று தெரிவது மருத்துவத்தில்தான். எலும்பு ஸ்கேன் போன்றவற்றுக்குப் பயன்படும் டெக்னீசியம்-99எம்மின் அரை ஆயுள் 6 மணி நேரம். தொலைவிலிருந்து வரவழைத்து அலமாரியில் வைத்துக்கொள்ள முடியாது. அதனால் 66 மணி நேர அரை ஆயுள் கொண்ட மாலிப்டினம்-99ஐ அலுமினா (அலுமினியம் ஆக்ஸைடு) நிரப்பிய சிறு குழாயில் ஏற்றி அனுப்புகிறார்கள். மாலிப்டேட் அயனி அலுமினாவில் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். அது சிதைந்து உருவாகும், டெக்னீசியம் கொண்ட பெர்டெக்னடேட் அயனிக்கு அந்தப் பிடிப்பு குறைவு. உப்புக் கரைசலை ஊற்றி இழுத்தால் டெக்னீசியம் மட்டும் கழுவிக்கொண்டு வரும். ஒருமுறை எடுத்தபின் சுமார் 23 மணி நேரத்தில் மறுபடி உச்ச அளவு சேர்ந்திருக்கும்.

இதில் தவறுகள் எங்கே வரும்? முதலாவது, மாலிப்டினமும் கசிந்து வருவது. ஒரு மெகாபெக்கரல் டெக்னீசியத்துக்கு 0.15 கிலோபெக்கரலுக்கு மேல் மாலிப்டினம் இருந்தால் அந்தக் கரைசலை நோயாளிக்குச் செலுத்தக் கூடாது. இரண்டாவது, மருந்துக் குப்பியில் உள்ள வெள்ளீயம் கெட்டுப்போவது. கழுவி எடுத்த டெக்னீசியம் +7 ஆக்ஸிஜனேற்ற நிலையில் இருக்கும், அப்படியே அது எலும்பு மருந்தோடு சேராது. குப்பியில் உள்ள ஸ்டேனஸ் குளோரைடு என்னும் வெள்ளீயச் சேர்மம் எலக்ட்ரான் கொடுத்து அதை ஒடுக்கிய பிறகே சேரும். ஊசியோடு கொஞ்சம் காற்று உள்ளே போனால் வெள்ளீயம் ஆக்ஸிஜனேற்றம் அடைந்துவிடும். பிறகு சேராமல் திரியும் பெர்டெக்னடேட் தைராய்டிலும் உமிழ்நீர்ச் சுரப்பியிலும் இரைப்பையிலும் போய் உட்காரும். எலும்புப் படத்தில் கழுத்தும் வயிறும் ஒளிர்ந்தால் பழகிய கண் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். மூன்றாவது கொஞ்சம் நுட்பமானது. சில நாட்கள் கழுவாமல் விட்ட குழாயில் நீண்ட ஆயுள் கொண்ட டெக்னீசியம்-99 சேர்ந்திருக்கும். வேதியியலில் இரண்டும் ஒன்றே என்பதால், படத்துக்கு உதவாத அதுவும் வெள்ளீயத்துக்குப் போட்டி போடும். விடுமுறைக்குப் பின் முதலில் கழுவியதைக் கொட்டிவிட்டு, பிறகு எடுப்பதைப் பயன்படுத்துவது இதனால்தான்.

எலும்பு ஸ்கேனுக்கு நோயாளி வாங்கும் அளவு, 740 மெகாபெக்கரல் செலுத்தினால், சுமார் 4 மில்லிசீவர்ட். மருந்து செலுத்திய பின் படம் எடுக்கும் வரை 2 முதல் 4 மணி நேரம் நிறையத் தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் கழிக்கச் சொல்வார்கள். எலும்பில் ஒட்டாத மருந்து சிறுநீர்ப்பையில் தேங்கினால் இடுப்பெலும்பின் படமும் மறைக்கப்படும், சிறுநீர்ப்பை வாங்கும் அளவும் கூடும்.

புற்றுநோயைத் தேடும் பெட் ஸ்கேனில் பயன்படும் ஃப்ளோரின்-18 கோர்த்த குளுக்கோஸ் இதைவிட அழகான வேலை. அரை ஆயுள் 110 நிமிடம். சர்க்கரையை அதிகம் விழுங்கும் புற்றுத் திசு இதையும் விழுங்குகிறது. செல்லுக்குள் போனதும் ஒரு பாஸ்பேட் ஏறுகிறது. இரண்டாவது கார்பனில் ஹைட்ராக்சில் இருக்க வேண்டிய இடத்தில் ஃப்ளோரின் இருப்பதால் அடுத்த நொதி அதைக் கையாள முடியாமல் நின்றுவிடுகிறது. மூலக்கூறு அங்கேயே மாட்டிக்கொள்கிறது. ஃப்ளோரின் சிதைந்து ஆக்ஸிஜனானதும் அது சாதாரணக் குளுக்கோஸ் பாஸ்பேட்டாக மாறி வழக்கம்போல் செலவாகிவிடும். 6 மணி நேரப் பட்டினி எதற்கு என்பதும் இதிலிருந்தே புரியும். ரத்தத்தில் சர்க்கரை ஒரு டெசிலிட்டருக்கு 200 மில்லிகிராமைத் தாண்டினால் சாதாரணக் குளுக்கோஸ் போட்டியில் முந்திவிடும், படம் மங்கும். மருந்து ஏறிய பின் சுமார் ஒரு மணி நேரம் அசையாமல், முடிந்தால் பேசாமல்கூட இருக்கச் சொல்வது, உழைக்கும் தசை சர்க்கரையை இழுத்துக்கொள்ளும் என்பதால்.

அயோடின்-131 வேறு ரகம். இது படத்துக்கு மட்டுமின்றிச் சிகிச்சைக்கும் பயன்படுகிறது. தைராய்டு அயோடினைத் தேடி இழுக்கும். அங்கே வெளியாகும் பீட்டா துகள் ஓரிரு மில்லிமீட்டருக்குள் தன் ஆற்றலைக் கொட்டிவிடும். சிகிச்சைக்கு முன் ஓரிரு வாரம் அயோடின் குறைந்த உணவு சொல்வது, சுரப்பியைப் பசியோடு வைத்திருக்க. அயோடின் கலந்த சாயம் ஏற்றி சிடி ஸ்கேன் எடுத்திருந்தால் அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும், சிகிச்சையைச் சில வாரங்கள் தள்ளிப்போட வேண்டியிருக்கும். இதன் கரைசலைக் காரத்தன்மையோடுதான் வைத்திருப்பார்கள், அமிலமானால் அயோடின் ஆவியாகக் கிளம்பிக் கையாளுபவரின் மூச்சுக்குள் போகும். அரை ஆயுள் 8 நாள். வீடு திரும்பியவர் தனியாகப் படுக்க வேண்டும், துண்டும் தட்டும் தனியாக இருக்க வேண்டும், உட்கார்ந்தே சிறுநீர் கழித்து இரண்டு முறை தண்ணீர் ஊற்ற வேண்டும். குழந்தைகள், கர்ப்பிணிகள் அருகே எத்தனை நாள் போகக் கூடாது என்பது கொடுத்த அளவைப் பொறுத்தது, அதை எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது. கர்ப்பிணிக்கு இது கூடவே கூடாது. தாய்ப்பால் கொடுப்பவர் முன்பே நிறுத்த வேண்டும், அந்தக் குழந்தைக்குத் திரும்பத் தொடங்கவும் கூடாது. விமான நிலையக் கதிர் உணர்விகள் பல வாரங்கள் கழித்தும் சத்தம் போடும், மருத்துவமனைக் கடிதம் கையில் இருக்கட்டும்.

உணவுக்குக் கதிர் பாய்ச்சுவதைப் பற்றி அநாவசியப் பயம் உண்டு. கோபால்ட்-60இன் காமா கதிர்கள் 1.17, 1.33 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் கொண்டவை. உணவில் உள்ள அணுக்கருக்களைக் கதிரியக்கமாக்க இது போதாது. வெங்காயம், உருளை முளைக்காமல் இருக்க 0.05 முதல் 0.15 கிலோகிரே (கிரே என்பது ஒரு கிலோ பொருள் ஒரு ஜூல் கதிர் ஆற்றலை வாங்குவது), பூச்சியைக் கொல்ல 1 கிலோகிரே வரை, மசாலாப் பொருட்களுக்கு 10 அளவுக்குப் போவார்கள். 10 கிலோகிரே என்பது தண்ணீரின் வெப்பத்தை இரண்டரை டிகிரிகூட உயர்த்தாத ஆற்றல். ஆனால் குறைகள் இல்லாமல் இல்லை. தயமின் (வைட்டமின் பி1) கொஞ்சம் அழியும். கொழுப்பு மிகுந்த உணவில் காறல் வாடை வரும், அதனால் காற்று நீக்கி, உறைய வைத்துச் செய்வார்கள். பாக்டீரியா முன்பே விட்டுச்சென்ற நச்சு அப்படியே இருக்கும். பொட்டலம் பிரிந்தால் மறுபடி கிருமி ஏறும். ஊசி, கையுறை போன்றவற்றை இதே கோபால்ட்டால் 25 கிலோகிரேயில் கிருமி நீக்குகிறார்கள், அதைப் பற்றி ஏனோ யாரும் பயப்படுவதில்லை.

அபாயப் பக்கத்தில் பெரியது, கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத ரேடான். மண்ணில் உள்ள யுரேனியம் சிதைந்து ரேடியமாகி, அதிலிருந்து பிறக்கும் மந்த வாயு இது. அரை ஆயுள் 3.8 நாள், தரை விரிசல் வழியாக வீட்டுக்குள் ஏற அது போதுமான நேரம். வாயுவாக இருக்கும்வரை மூச்சில் போய் மூச்சில் வந்துவிடும். சிக்கல் அதன் வாரிசுகளிடம்தான். பொலோனியம், ஈயம், பிஸ்மத் மூன்றும் உலோகங்கள். தூசியில் ஒட்டி நுரையீரல் குழாய்ச் சுவரில் படிந்து, பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் சிதைந்து ஆல்ஃபாவை அங்கேயே கொட்டுகின்றன. நுரையீரல் புற்றுக்குப் புகைக்கு அடுத்த காரணமாகச் சொல்லப்படுவது இதுவே. புகைப்பவர்களுக்கு இரண்டும் சேர்ந்து ஆபத்து பல மடங்காகும். புகையிலையிலும் பொலோனியம்-210 உண்டு.

உலகச் சுகாதார நிறுவனம் வைக்கும் வரம்பு கன மீட்டருக்கு 100 பெக்கரல், அது முடியாத இடங்களில் 300ஐத் தாண்டக் கூடாது. அளப்பது எளிது. ரேடானைப் பிடித்து வைக்கும் கரித்தூள் டப்பியை ஆள் புழங்கும் மிகக் கீழ்த் தளத்தில், தரையிலிருந்து அரை மீட்டருக்கு மேல், சன்னல், சமையலறை, குளியலறைக்கு விலகி 2 முதல் 7 நாள் வைக்க வேண்டும். தொடங்குவதற்கு 12 மணி நேரம் முன்பே கதவு சன்னல்களைச் சாத்திவிட வேண்டும். முடிந்ததும் காற்றுப் புகாமல் மூடி உடனே ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும், ஒரு வாரம் மேசையில் கிடந்தால் பிடித்த ரேடானில் முக்கால் பங்கு போயிருக்கும். ஆல்ஃபா துகள்கள் பிளாஸ்டிக்கில் பதிக்கும் தடங்களை எண்ணும், 3 மாதத்துக்கு மேல் வைக்கும் வகை இன்னும் நம்பகமானது, ஏனென்றால் ரேடான் நாளுக்கு நாள் வெகுவாக ஏறி இறங்கும்.

அதிகம் என்று தெரிந்தால், விரிசலை அடைப்பது மட்டும் போதாது. தரைத் தளத்தில் துளையிட்டு, கீழே சிறு குழி தோண்டி, சுமார் 10 சென்டிமீட்டர் குழாயைக் கூரைக்கு மேல்வரை கொண்டுபோய், வழியில் ஒரு விசிறி வைத்து மண்ணுக்கடியில் உள்ள காற்றை உறிஞ்சி வெளியேற்ற வேண்டும். விசிறி ஆள் வசிக்கும் அறைக்குள் இருக்கவே கூடாது. அதற்கு மேல் உள்ள குழாய்ப் பகுதியில் அழுத்தம் அதிகம், ஒரு இணைப்பு கசிந்தாலும் செறிந்த ரேடான் அறைக்குள் பீச்சும். மூடிய வீட்டில் வெறும் வெளியேற்றும் விசிறியை ஓட்டுவதும் எதிர்விளைவு தரலாம், உள்ளழுத்தம் குறைந்து மண்ணிலிருந்து இன்னும் அதிகமாக இழுக்கும்.

வாழைப்பழத்தில் கதிரியக்கப் பொட்டாசியம் இருக்கிறதே என்ற பயம் தேவையில்லை. உடலில் உள்ள பொட்டாசியம்-40 மட்டுமே ஏறத்தாழ 4,400 பெக்கரல். அதிகமாக வரும் பொட்டாசியத்தைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும், பழம் தின்று அளவைக் கூட்ட முடியாது.

ஆனால் சில பொருட்களைத் தவிர்க்க வேண்டும். "எதிர் அயனி" தரும் என்று விற்கும் பதக்கங்கள், கைப்பட்டைகள் சிலவற்றில் தோரியம் கலந்த தாதுத்தூள் இருக்கிறது. 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு அமைப்பு இப்படிப்பட்ட 10 பொருட்களை அணிய வேண்டாம் என்று எச்சரித்தது. நாள் முழுக்கத் தோலோடு ஒட்டிக் கிடக்கும் பொருளிலிருந்து பீட்டா கதிர் வரவே கூடாது. டங்ஸ்டன் கம்பியால் மின்பொறி உண்டாக்கிப் பற்றவைக்கும் டிக் வெல்டிங்கில் சிவப்பு முனை கொண்ட டங்ஸ்டன் கம்பியில் சுமார் 2 சதவீதம் தோரியம் ஆக்ஸைடு உண்டு. கையில் பிடிப்பதில் சிக்கல் இல்லை, முனை தீட்டும்போது பறக்கும் தூளை மூச்சில் இழுப்பதே கெடுதல். லாந்தனம் கலந்த கம்பிக்கு மாறிவிடலாம். பழைய ரேடியம் கடிகாரம் இப்போது ஒளிரவில்லை என்றால் ரேடியம் போய்விட்டது என்று நினைக்கக் கூடாது. கெட்டுப்போனது ஒளிரும் துத்தநாக சல்ஃபைடு. ரேடியத்துக்கு 1,600 ஆண்டு அரை ஆயுள், உள்ளே போனால் கால்சியம்போல் நடித்து எலும்பில் குடியேறும். மூடியைத் திறக்காதீர்கள்.

சேர்மத்தின் வடிவம் எவ்வளவு முக்கியம் என்பதை 1987இல் பிரேசிலின் கோயானியா நகரம் காட்டியது. கைவிடப்பட்ட கதிர்ச்சிகிச்சைக் கருவியிலிருந்து கழற்றிய உறையை உடைத்தபோது சிதறியது சீசியம்-137 குளோரைடு, இருட்டில் நீலமாக ஒளிரும், தண்ணீரில் எளிதாகக் கரையும் தூள். 249 பேர் மாசுபட்டனர், 4 பேர் இறந்தனர். சீசியம் பொட்டாசியத்தின் குடும்பம், அதனால் உடல் முழுக்கத் தசைகளில் பரவும். பிரஷ்யன் நீலம் என்னும் நிறமியைக் கொடுத்தால் அது குடலில் சீசியத்தைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றும். உடலில் பாதியாகக் குறைய 110 நாள் ஆவது சுமார் 30 நாளாகும். பழைய இரும்பில் மூவிதழ்க் கதிரியக்கச் சின்னமோ, அளவுக்கு மீறிக் கனக்கும் சிறு உலோக உருளையோ கிடைத்தால் தொடாமல் விலகி, அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். தொலைவை இரட்டிப்பாக்கினால் காமா அளவு கால் பங்காகும்.

விபத்துக் காலத்து பொட்டாசியம் அயோடைடு மாத்திரை பற்றியும் குழப்பம் உண்டு. பெரியவருக்கு 130 மில்லிகிராம், கதிர்வீச்சு வரும் முன்போ வந்த சில மணி நேரத்துக்குள்ளோ, அதிகாரிகள் சொன்னால் மட்டும். அது தைராய்டை நிரப்பிக் கதிரியக்க அயோடினுக்கு இடம் இல்லாமல் செய்கிறது. சீசியத்தையோ வேறெதையுமோ தடுக்காது. அயோடின் உப்பு இதற்கு மாற்றாகாது. கிலோவுக்கு 30 மில்லிகிராம் அயோடின் உள்ள உப்பில், மாத்திரையில் உள்ள அளவு அயோடின் கிடைக்க மூன்று கிலோவுக்கு மேல் தின்ன வேண்டியிருக்கும், அதற்கு வெகு முன்பே உப்பு ஆளைக் கொன்றுவிடும்.