தையல் மெசினுக்குப் பக்கத்தில் எது பாட வேண்டும்: இணைய வானொலியா, ஸ்பாட்டிஃபையா?

கேள்வி இதுதான்: "இசையைப் பற்றி ஆழமாக ஒன்றும் தெரியாது, வேலையோடு வேலையாகப் பாட்டுக் கேட்கிற ஆள் நான். எனக்கு இணைய வானொலி போதுமா? இல்லை ஸ்பாட்டிஃபை, யூடியூப் மியூசிக் மாதிரிப் பாட்டுச் சேவை ஒன்றுக்கு மாதாமாதம் காசு கட்டத்தான் வேண்டுமா?"

களுவாஞ்சிகுடியில் வீட்டு முன் விறாந்தையில் தையல் கடை வைத்திருக்கிறேன். காலை எட்டரைக்கு மெசினில் இருந்தால் எழும்பப் பின்னேரம் ஐந்து தாண்டிவிடும். அந்த நேரம் முழுக்க எனக்கு ஏதாவது பாடிக்கொண்டிருக்க வேண்டும். நீங்கள் கேட்கிற இரண்டையும் வருடக்கணக்கில் பாவித்திருக்கிறேன், காசு கட்டியும் பார்த்திருக்கிறேன். என் அனுபவத்தில், கை வேலையில் இருக்கும் நேரத்துக்கு வானொலி, கை ஓய்ந்த நேரத்துக்கு மற்றது. உங்கள் நாளில் எந்த நேரம் கூட என்று முதலில் பாருங்கள். காசு கட்டுவதைப் பிறகு யோசிக்கலாம்.

ஏன் கையைச் சொல்கிறேன் என்றால், பிளவுஸ் கழுத்துக்குப் பைப்பிங் வைக்கும்போது இடது கை துணியைத் திருப்பிக் கொடுக்கும், வலது கை பட்டியை இழுத்துப் பிடிக்கும், கால் மிதியில் இருக்கும். வளைவில் பாதியில் நிறுத்தினால் தையல் கோணிவிடும், பிரித்துத்தான் தைக்க வேண்டும். அந்த நேரத்தில் பிடிக்காத பாட்டு வந்தால் போனை எடுத்து மாற்ற முடியாது. ஸ்பாட்டிஃபையில் நானே பாட்டுகளைத் தெரிந்தெடுத்து ஒரு பட்டியல் போட்டு வைத்தேன். முதல் இரண்டு கிழமையும் சந்தோஷமாக இருந்தது. மூன்றாம் கிழமை, இந்தப் பாட்டு முடிய அடுத்தது எது என்று பொபின் மாற்றும்போதே மனதுக்குள் ஓடத் தொடங்கிவிட்டது. பட்டியல் முடிந்தால் அது தானாகவே அதைப்போலப் பாட்டுகளை எடுத்துப் போடும். ஆனால் நான் ஏற்கெனவே கேட்டதைச் சுற்றியே போகும். அதோடு பிள்ளைகளும் அதே போனில் தங்கள் பாட்டுகளைப் போட்டுக் கேட்பார்கள். இரண்டு நாள் அப்படிக் கேட்டால் போதும், மூன்றாம் நாள் எனக்கு வருகிற பாட்டெல்லாம் அவர்களுடையதாக இருக்கும்.

வானொலியில் அந்தப் பாரம் என் தலையில் இல்லை. தெரிந்தெடுக்கிறவர் ஒருவர் அங்கே இருக்கிறார். பிடிக்காத பாட்டு வந்தாலும் நாலு நிமிடத்தில் போய்விடும், நான் மறந்தே போன ஒரு பாட்டு திடீரென்று வரும். நேரம் சொல்வார்கள், செய்தி வரும், நேயர் ஒருவர் தொலைபேசியில் வந்து ஊர்ப் பெயரைச் சொல்லிப் பாட்டுக் கேட்பார். பத்து மணிச் செய்திக்குள் ஒரு சட்டையின் உடம்பு முடிந்திருக்க வேண்டும், பன்னிரண்டுக்குள் கை ஏற்றியிருக்க வேண்டும் என்று என் வேலைக்கே அது ஒரு கணக்காகிவிட்டது. ஜனவரியில் பாடசாலைச் சீருடைத் துணி மூட்டையாக வந்து குவியும் நாட்களில் இந்தக் கணக்குத்தான் என்னைக் காப்பாற்றுகிறது. மருதமுனைக்குக் கைத்தறிச் சேலை எடுக்கப் போனாலும் பார்த்திருக்கிறேன், தறிச் சத்தத்துக்கு மேலால் வானொலிதான் கேட்கும்.

சூரியன், சக்தி, வெற்றி, வர்ணம், இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் தென்றல் என்று நம் நிலையங்களை இன்று இணையத்திலும் கேட்கலாம். இதன் அருமை எனக்குத் தெரிந்தது தம்பி கத்தாருக்குப் போன பிறகு. அவனுக்கு இரவு வேலை. நம் நேரத்துக்கும் அவன் நேரத்துக்கும் இரண்டரை மணித்தியாலம் வித்தியாசம். இங்கே காலை ஆறு மணிக்குப் பக்திப் பாட்டுப் போகும்போது அங்கே மூன்றரை. வேலை முடிய இன்னும் நேரமிருக்க, அவன் அதே நிலையத்தைப் போனில் போட்டுக் கேட்டுக்கொண்டிருப்பான். அடுப்பை மூட்டிக்கொண்டு நிற்கும்போது குரல் செய்தி வரும்: "அக்கா, இப்ப போற பாட்டக் கேட்டியா? அம்மா பாடுற பாட்டு." நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருப்பேன். ஸ்பாட்டிஃபையில் அதே பாட்டு அவனிடமும் இருக்கிறது, என்னிடமும் இருக்கிறது. ஆனால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்க வேண்டுமென்றால் முதலே பேசி ஏற்பாடு செய்ய வேண்டும். வானொலியில் அது தானாக நடக்கிறது. எனக்கு இது பெரிய விஷயம்.

வெளிநாட்டு நிலையங்களையும் ஒரு தடவை தேடிப் பாருங்கள். நெதர்லாந்தில் இருந்து 2016இல் வந்த ரேடியோ கார்டன் என்று ஒன்று இருக்கிறது. உலக உருண்டையை விரலால் சுற்றிப் பச்சைப் புள்ளியில் நிறுத்தினால் அந்த ஊர் நிலையம் பாடும். தமிழுக்கென்றால் சிங்கப்பூரின் ஒலி 968, மலேசியாவின் மின்னல் எப்.எம். இரண்டும் இணையத்தில் கிடைக்கும். தம்பி நமக்கு இரண்டரை மணித்தியாலம் பிந்தி என்றால் சிங்கப்பூர் அதே இரண்டரை முந்தி. நான் ஐந்தரைக்குத் தேத்தண்ணி வைக்கும்போது அவர்கள் எட்டு மணிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார்கள், அறிவிப்பாளரின் பேச்சில் அந்த அவசரம் தெரியும்.

இனி டேட்டா. நம் பக்கம் பெரும்பாலானவர்கள் ரீலோட் போட்டு வாழ்கிறவர்கள், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒலி எவ்வளவு டேட்டா தின்னும் என்பது அதன் பிட்ரேட்டை, அதாவது ஒரு விநாடிக்கு எவ்வளவு டேட்டா வருகிறது என்பதைப் பொறுத்தது. அதைக் கேபிபிஎஸ் என்ற அளவில் சொல்வார்கள். 64 கேபிபிஎஸ்ஸில் வருகிற இணைய வானொலி மணிக்கு ஏறக்குறைய 29 எம்பி, 128 என்றால் 58 எம்பி. ஸ்பாட்டிஃபையில் சாதாரணத் தரம் 96, அது மணிக்கு 43 எம்பி. உயர் தரம் 160, அது 72 எம்பி. காசு கட்டுகிறவர்களுக்குக் கிடைக்கிற 320 என்றால் 144 எம்பி. என்னைப்போல நாளுக்கு எட்டு மணித்தியாலம், மாதம் 26 நாள் கேட்டால் 208 மணித்தியாலம். 64இல் 6 ஜிபி, 128இல் 12 ஜிபி, ஸ்பாட்டிஃபையின் உயர் தரத்தில் 15 ஜிபி. வீட்டில் ஃபைபர் லைன் இருந்தால் இது ஒரு பேச்சே இல்லை. போன் டேட்டா மட்டும்தான் என்றால், ஆப்பின் செட்டிங்கில் போய்த் தரத்தைக் குறைத்து வையுங்கள். மெசின் சத்தத்துக்குள் 96க்கும் 160க்கும் வித்தியாசம் என் காதுக்குப் பிடிபடவில்லை. யூடியூப்பில் படத்தோடு ஓடவிட்டு, படத்தைப் பார்க்காமல் பாட்டை மட்டும் கேட்கிற பழக்கம் பலரிடம் இருக்கிறது. டேட்டா பல மடங்கு போகிற வழி அது. காசு கட்டாவிட்டால் திரையை அணைத்ததும் பாட்டும் நின்றுவிடும், அதனால் பட்டரியும் சேர்ந்து இறங்கும். உங்கள் பக்கேஜில் யூடியூப்புக்கு வேறாக டேட்டா தந்திருந்தால் மட்டும் அது லாபம்.

கேள்வியில் இல்லாத ஒன்றையும் சொல்கிறேன், ஏனென்றால் பலர் இதை மறந்துவிட்டார்கள். சாதாரண எப்.எம். றேடியோவுக்கு டேட்டா ஒரு எம்பியும் தேவையில்லை. இணைய வானொலியில் கேட்கிற ஒவ்வொருவருக்கும் நிலையத்தின் கணினியில் இருந்து தனித்தனி ஓட்டம் வர வேண்டும். ஆயிரம் பேர் கேட்டால் ஆயிரம் ஓட்டம், நிலையத்துக்கும் ஆயிரம் பேருக்கான செலவு. எப்.எம். கோபுரத்துக்கு ஒருவர் கேட்டாலும் ஒரு மாவட்டமே கேட்டாலும் ஒரே செலவுதான். வெளிநாட்டில் நம்மவர்கள் ஆசையோடு தொடங்குகிற சிறிய இணைய வானொலிகள் ஒரு நாள் சொல்லாமல் நின்றுபோவதற்கு இந்தச் செலவும் ஒரு காரணம். நான் விரும்பிக் கேட்ட ஒன்று அப்படிப் போனது. கிழமைக்கொரு நாள் பழைய ஈழத்துப் பொப்பிசைப் பாட்டுகள் போடுவார்கள். ஒரு காலையில் இணைப்பு வேலை செய்யவில்லை, பிறகு வரவே இல்லை. அறிவிப்பாளரே இல்லாமல் கணினி மட்டும் பாட்டை மாற்றி மாற்றிப் போடுகிற நிலையங்களும் நிறைய. அவற்றைக் கேட்பதற்கு ஸ்பாட்டிஃபை பட்டியல் மேல்.

2022இல் மின்வெட்டு ஒரு நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை போனது உங்களுக்கும் ஞாபகமிருக்கும். கரண்ட் போய்ச் சில மணித்தியாலத்தில் எங்கள் பக்கம் போன் சிக்னலும் படுத்துவிடும். அன்றைக்கெல்லாம் எங்கள் வீட்டில் பாடியது இரண்டு பட்டரி போட்ட சின்ன றேடியோதான். மாமா பட்டிருப்புப் பாலம் தாண்டி வெல்லாவெளிப் பக்கம் வயல் செய்கிறார். வேளாண்மை கதிர் பறியும் காலத்தில் யானைக் காவலுக்கு இரவில் வாடியில் படுப்பார். அங்கே இணையம் ஒரு கோடு காட்டும், மறுகா அதுவும் போய்விடும். அவரிடம் போய் இணைய வானொலியா ஸ்பாட்டிஃபையா என்று கேட்க முடியாது. பட்டரி றேடியோ ஒன்றை வீட்டில் வைத்திருங்கள். சில போன்களில் எப்.எம். உள்ளேயே இருக்கிறது, வயர் உள்ள இயர்போனைச் செருகினால் அதுவே அன்டனாவாக வேலை செய்யும்.

எப்.எம்.முக்கும் இணையத்துக்கும் இன்னொரு வித்தியாசம் இருக்கிறது. பக்கத்து வீட்டு மச்சாள் எப்.எம்.மில் கேட்பார், நான் அதே நிலையத்தைப் போனில் கேட்பேன். செய்திக்கு முன் வருகிற மணி ஒலி அவர் வீட்டில் அடித்து முடிந்து, தலைப்புச் செய்தியும் தொடங்கிய பிறகுதான் என் போனில் அடிக்கும். அரை நிமிடம் பிந்தும். வழியில் சிக்கினாலும் பாட்டு அறுந்துவிடக் கூடாது என்று ஆப் கொஞ்சத்தைச் சேமித்து வைத்துப் போடுவதால் வருகிற தாமதம் அது. பாட்டுக்குப் பரவாயில்லை, மணிக்கூட்டைச் சரிசெய்ய அதை நம்பாதீர்கள்.

இரவில் கதை மாறிவிடும். பிள்ளைகள் படுத்த பிறகு, காலை நீட்டி இருக்கும்போது, எனக்கு இன்ன பாடகரின் இன்ன பாட்டுத்தான் வேண்டும் என்று இருக்கும். அந்த நேரத்தில் வானொலி உதவாது. ஸ்பாட்டிஃபை இலங்கைக்கு 2021 பெப்ரவரியில்தான் வந்தது. இளையராஜா, ரகுமான் பாட்டுகள் மட்டுமல்ல, அம்மா காலத்துப் பாட்டுகளும் நிறையவே இருக்கின்றன. தேடுவதுதான் கஷ்டம். பாட்டின் பெயர் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் இருக்கும், ழகரம் வந்தால் ஒரே சொல்லை மூன்று விதமாக எழுதி வைத்திருப்பார்கள். தமிழில் அடித்துக் கிடைக்காவிட்டால் பாடகர் பெயரில் போய்த் தேடுங்கள், கெதியாகக் கிடைக்கும். எங்கள் ஊர்க் கண்ணகி அம்மன் குளிர்த்திப் பாடல், வடமோடிக் கூத்துப் பாட்டு போன்றவற்றை இந்தச் சேவைகளில் தேடி நான் களைத்துவிட்டேன். அதற்கு யூடியூப்தான், யாராவது கோயிலில் நின்று போனில் பிடித்துப் போட்டிருப்பார்கள்.

காசு கட்டினால் விளம்பரம் போகும். அதைவிடப் பெரிய நன்மை, பாட்டைப் போனில் இறக்கி வைத்து டேட்டா இல்லாமல் கேட்கலாம். நாலரை நிமிடப் பாட்டு நூறு, உயர் தரத்தில் ஏறக்குறைய அரை ஜிபி. உங்கள் பக்கேஜில் இரவு டேட்டா என்று வேறாக இருந்தால் நள்ளிரவுக்குப் பிறகு இறக்கிவிடுங்கள். மாதம் ஒரு தடவையாவது ஆப்பை இணையத்தோடு தொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் இறக்கியது பாடாது. கட்டுவதை நிறுத்தினாலும் பாடாது, அந்தப் பாட்டுகள் உங்களுக்குச் சொந்தமில்லை. நான் காசு கட்டிய ஒரு சேவையில், ஆசையாகச் சேர்த்த நாற்பது பாட்டில் ஏழு ஒரு நாள் மங்கலாகிக் கிடந்தன. தொட்டால் இங்கே கிடைக்காது என்று வந்தது. பாட்டு உரிமைக்காரருக்கும் சேவைக்கும் ஒப்பந்தம் முடிந்தால் இப்படி நடக்கும். ஏன் என்று எனக்கு ஒரு வரி அறிவித்தலும் வரவில்லை. அந்த ஏழில் இரண்டு, அப்பா இருந்த காலத்தில் வீட்டில் பாடிய பாட்டுகள். எனக்கு அது மனதை வருத்தியது.

ஆகவே பஸ்ஸில் தினமும் இரண்டு மணித்தியாலம் மட்டக்களப்புக்கும் அம்பாறைக்கும் ஓடுகிறவர், இரவில் தனியாகக் கேட்கிறவர், ஒரே பாடகரைத் தோண்டித் தோண்டிக் கேட்கிறவர் என்றால் கட்டுங்கள், பிரயோசனம் இருக்கும். முதலில் இலவசத்தில் ஒரு மாதம் பாவித்து, விளம்பரம் உங்களை உண்மையிலேயே அலுக்க வைக்கிறதா என்று பாருங்கள். கடை, சமையல், தையல் என்று நாள் முழுக்க ஓடவிடுகிறவர் என்றால் அந்தக் காசை நல்ல புளூடூத் ஸ்பீக்கர் ஒன்றுக்குச் சேருங்கள். நான் இப்போது காசு கட்டுவதில்லை.

அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கே.எஸ். ராஜாவின் குரலையும் பி.எச். அப்துல் ஹமீதின் குரலையும் இலங்கை வானொலியில் கேட்டு வளர்ந்தவர். தபாலட்டையில் பெயர் எழுதிப் போட்டு, பாட்டுக்கு முன் தன் பெயர் வாசிக்கப்படுமா என்று காத்திருந்த காலத்தை இன்றைக்கும் சொல்வார். அவருக்கு இப்போது பாட்டைவிட மரண அறிவித்தல்தான் முக்கியம். விறாந்தைத் தூணோடு சாய்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருப்பவர், அந்தக் குரல் தொடங்கியதும் உலக்கையைக் கையில் பிடித்தபடி நிறுத்திவிடுவார். "மெசின நிப்பாட்டு புள்ள, அறிவித்தல் போகுது." நானும் மிதியில் இருந்து காலை எடுத்துவிடுவேன். எந்த ஊர், யாருடைய மனைவி, யாருடைய தாய், அடக்கம் எத்தனை மணிக்கு என்று முடியும் வரைக்கும் இரண்டு பேரும் பேசமாட்டோம். போன மாசியில் அப்படித்தான் அம்மாவோடு படித்த ஒருவர் காலமானது தெரிந்தது. அன்றைக்குப் பின்னேரமே பஸ் எடுத்துச் செத்த வீட்டுக்குப் போய் வந்தோம்.