கடலோரத்தில் பழைய ஷெட் வாங்கலாமா? (கேள்வி பதில்)

உவரி முதல் கூடங்குளம் வரை சிறு தொழிற்கூடங்கள் கட்டியும் பழுது பார்த்தும் வருகிறேன். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

அண்ணாச்சி, உவரிப் பக்கம் 20 சென்ட்டில் ஒரு பழைய ஷெட் விலைக்கு வருது. கடலைமிட்டாய் போடலாம்னு இருக்கேன். எதைப் பார்க்கணும்?

முதலில் தூணின் அடியைப் பாருங்க தம்பி. விற்கிறவர் வெள்ளையடித்து வைத்திருப்பார். முழங்கால் உயரம்வரை சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். நல்ல காங்கிரீட் கணீரென்று கேட்கும், உள்ளே விட்டுப்போனது பொத்தென்று கேட்கும். கம்பி ஓடுகிற வாக்கில் நேராக விரிசலும் ஓரத்தில் பழுப்புக் கறையும் இருந்தால், கம்பி துருவேறி ஊதிவிட்டது. மேலே பூசி மறைத்தால் தீராது. உடைத்துத் திறந்து, துருவைச் சுரண்டி, இளைத்த இடத்தில் புதுக் கம்பி சேர்த்துக் கட்டணும். அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். கூரையில் தகட்டை விட, அதைப் பிடித்திருக்கிற ஜே போல்ட்டை (கொக்கி போல வளைந்த போல்ட்) பாருங்கள். அது அரித்துப் போனால் ஆடிக் காற்றில் தகடு நிற்காது. அப்புறம் பட்டா, வில்லங்கம், தாய்ப்பத்திரத்தோடு புலப்படமும் (சர்வே எண்ணின் அளவு வரைபடம்) வாங்குங்கள். செம்மணல் தேரிக்காட்டுப் பாதை பல இடத்தில் பேச்சு வழக்கில்தான் இருக்கிறது, படத்தில் இருக்காது.

கடலிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்டணும்?

உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம். மத்திய அரசின் 2011 அறிவிக்கை, கிராமப் பகுதியில் முதல் 200 மீட்டரில் புதுத் தொழிற்கூடம் எழுப்பத் தடை விதித்தது. மீனவர்களுக்கான ஐஸ் ஆலை, மீன் உலர்த்தும் களம் போன்றவற்றுக்கு அதில் இடம் இருந்தது. உங்கள் சர்வே எண் மண்டல வரைபடத்தில் எங்கே விழுகிறது என்று பார்த்த பிறகே அட்வான்ஸ் கொடுங்கள்.

மானியக் கடன் கிடைக்குமா?

மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். என் துறை இல்லை.

போர் தண்ணி கரிக்குது. கட்டட வேலைக்கு விடலாமா?

கூடாது. காங்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456, கம்பி போட்ட காங்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடு (கம்பியைத் துருவேற்றும் உப்பு) வரைதான் அனுமதிக்கிறது. நாக்கில் கரித்தாலே ஆய்வகத்துக்குக் கொடுத்துப் பாருங்கள்.

எங்க தாத்தா வீடே உவர்த் தண்ணியிலதான் கட்டினது. இன்னும் நிக்குதே அண்ணாச்சி!

நிற்கும். அதில் கம்பி ஏது? கல்லும் சுண்ணாம்புக் காரையும், மேலே பனங்கை (பனைமரச் சட்டம்). துருப்பிடிக்க இரும்பு இல்லாததால் வெடிக்கவில்லை. அந்த வீட்டை வைத்து இன்றைய பீமுக்குக் கணக்குப் போடாதீர்கள்.

எங்க தெருவுல எல்லாக் கொத்தனாரும் அதைத்தான் ஊத்துறாங்க. ஒண்ணும் ஆகலையே?

முதல் சில வருடம் ஒன்றும் ஆகாது. அதை நம்பித்தான் எல்லாரும் ஊற்றுகிறார்கள். மாடிச் சிலாப்பின் அடியை அண்ணாந்து பாருங்கள். பூச்சு உப்பி, கம்பி வரிவரியாகத் தெரிகிற வீடு உங்கள் தெருவிலேயே இருக்கும். கலவைக்கு மட்டுமல்ல, நனைப்பதற்கும் நல்ல தண்ணீர் வேண்டும். லாரித் தண்ணீர்ச் செலவு, தூணைப் பிறகு உடைத்துக் கட்டுகிற செலவில் ஒரு மூலைக்கு வராது. அதோடு கடலோரத்தில் எம்30 என்ற வலுவுள்ள கலவையும், கம்பிக்கு வெளியே 45 மி.மீ. கவரும் (கம்பியை மூடும் காங்கிரீட்டின் கனம்) குறைந்தபட்சம். உள்ளூரில் பழகிய 25 மி.மீ. கவர் கட்டையை வைக்க விடாதீர்கள்.

பத்திரச் செலவு?

முத்திரைத்தாள் 7, பதிவு 2, ஆக 9 சதவீதம்.

கரிக்கிற தண்ணியில தரை மட்டும் போடலாமா?

மறுபடியும் தண்ணீரா! கம்பி இல்லாத தரைக்கு வரம்பு 2,000 மில்லிகிராம், கம்பி வைத்தால் அதே 500. சோதனைச் சீட்டு கையில் வராமல் கலவை போடாதீர்கள்.